டைனோசர் வருவதற்கு முந்தைய ரீல்கள்

பாலக்காட்டில் ஒரு மாலின் மேல்மாடித் திரையரங்கில் வேலை பார்க்கும் இரண்டு இளைஞர்கள் சென்ற மாதம் என்னைத் தேடிக் கொல்லங்கோட்டுக்கு வந்தார்கள். பழைய டைனோசர் படம் ஒன்றைத் துலக்கி மறுபடி வெளியிட்டிருக்கிறார்களாம். அந்தப் படத்தைத்தான் நான் இங்கே பிலிமில் ஓட்டினேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் மூத்தவர் கேட்டார்:

"இப்ப வர்ற படத்துல எல்லாம் மந்தை மந்தையா மிருகம் ஓடுதுங் சார். சனங்க பாப்கார்னைத் தின்னுக்கிட்டுக் கம்முனு உக்காந்திருக்காங்க. இந்தப் பழைய படத்துல அது வர்றதே கொஞ்ச நேரம். அதுக்குப் போய் அலறுறாங்க. ஏனுங் சார் அப்படி?"

அவர்களுடைய ஊழியர் மலருக்கு இதைப் பற்றி எழுதித் தரவேண்டும் என்றார்கள். பதிலை ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு வரியில் சொன்னால் நம்பமாட்டார்கள். நாங்களே அப்போது நம்பவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பிலிம் ஒழிந்துவிட்டதே என்று நான் அழப்போவதில்லை. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படத்துக்கு வெளிச்சம் தரும் கார்பன் குச்சிகள் எரியும் அறையில் முப்பது வருஷம் சுவாசித்தவனுக்கு அந்தப் புகையின் மேல் காதல் இருக்க நியாயமில்லை. இப்போது விசையைத் தட்டினால் படம் ஓடுகிறது. நல்லது. நான் சொல்ல வந்தது இயந்திரத்தைப் பற்றியல்ல.

பௌதிகத்தில் பட்டம் வாங்கியவன் நான். அந்தப் பட்டத்தோடு வேலை தேடிப் பார்த்துவிட்டு, ஆபரேட்டர் லைசென்ஸ் தேர்வு எழுதினேன். தேர்வாளர் லென்ஸின் குவிய தூரத்தைக் கேட்டார், சொன்னேன். தீப்பிடித்தால் முதலில் என்ன செய்வாய் என்று கேட்டார். இரும்புத் தடுப்பை விழவிட்டு, மின்சாரத்தை அணைத்து, பிறகுதான் ஓடுவேன் என்றேன். "பிறகுதான்" என்ற சொல்லுக்காக அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். என் பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

முதல் வேலை தேவிகுளம் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். வாரம் ஒரு நாள் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குக் கீழே உள்ள மைதானத்தில் திரை கட்டிச் சிறிய இயந்திரத்தில் படம் காட்டவேண்டும். இருட்டத் தொடங்கும் நேரம். ஒரு நாள் இயந்திரத்தைத் தொடங்கப் போகிறேன், சூப்பர்வைசர் சுடலைமுத்து அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே, நிறுத்துலே. பூச்சிச் சத்தம் நின்னுட்டுல்லா? கீழ ஆனை நிக்கி."

அதுவரை காதில் விழுந்துகொண்டே இருந்த சத்தம் நின்றிருப்பது அவர் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மைதானத்தில் இருந்த அத்தனை பேரும், கைக்குழந்தைக்காரிகள் உட்பட, அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். யானை வெளியே வரவேயில்லை. பூச்சிகள் மறுபடி கத்தத் தொடங்கியதும் எல்லோரும் மூச்சு விட்டார்கள், நான் படத்தைப் போட்டேன். யானைக்காகப் பூச்சிகள் சத்தத்தை நிறுத்துமா என்பதை விலங்கியல் படித்தவர்கள்தான் சொல்லவேண்டும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அன்று நான் ஓட்டிய படம் எது என்பது மறந்துவிட்டது, வராத அந்த யானை மறக்கவில்லை.

பிறகு கொல்லங்கோட்டில் எங்கள் கொட்டகைக்கு வந்து சேர்ந்தேன். நெல்லியாம்பதி மலையடிவாரத்து வயல்காரர்களும் கடைத்தெருக்காரர்களும்தான் ரசிகர்கள். தமிழும் மலையாளமும் சரிபாதி. இரண்டு மொழியிலும் ஆபரேட்டரைத் திட்டுவதற்குத் தனித்தனிச் சொற்கள் உண்டு.

வேலை முறையைக் கொஞ்சம் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. ஒரு படம் பல ரீல்களாகத் தகரப் பெட்டிகளில் வரும். வந்தவுடன் ஒவ்வொரு ரீலையும் கையால் சுற்றி, விரல் நுனியால் ஓரத்தைத் தடவிப் பார்க்கவேண்டும். பல் தேய்ந்த இடம், கிழிசல், முன்பு யாரோ அவசரத்தில் ஒட்டிய ஒட்டு, எல்லாம் விரலுக்குத் தெரியும். அறையில் இயந்திரம் இரண்டு. ஒன்றில் ரீல் முடியும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும். அப்போது இரண்டாவது இயந்திரத்தின் மோட்டாரை ஓட விடவேண்டும். மறு புள்ளி மின்னியதும் ஒன்றை மூடி மற்றதைத் திறக்கவேண்டும். ஒழுங்காகச் செய்தால் யாருக்கும் தெரியாது. எங்கள் தொழிலில் பாராட்டு என்பது யாரும் எதையும் கவனிக்காமல் இருப்பதுதான்.

வெட்டி ஒட்டுவதற்கும் முறை உண்டு. ஒரு காட்சிக்கான ஒலி, பிலிமில் அந்தக் காட்சிக்கு நேராக இருக்காது. ஓரடிக்குச் சற்று மேல் தள்ளி முன்னால் பதிந்திருக்கும். படத்தைப் பார்த்து வெட்டினால் பேச்சு அறுந்துபோகும், பேச்சைக் கேட்டு வெட்டினால் முகம் அறுந்துபோகும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் தேடி வெட்டி, மேல்பூச்சைச் சுரண்டி, பசை தடவி அழுத்தி, ஒலிப்பட்டையின் மேல் மையால் ஒரு சிறிய முக்கோணம் வரையவேண்டும். வரையாவிட்டால் ஒட்டு கடக்கும்போது ஸ்பீக்கர் 'டப்' என்று வெடிக்கும்.

எங்கள் மாதிரி ஊர்க் கொட்டகைகளில் வெட்டுவது அன்றாட வழக்கம். பண்டிகை நாளில் ஒரு காட்சி கூடுதலாக ஓட்டவேண்டும் என்றால் இரண்டு பாட்டையும் ஒரு சோகக் காட்சியையும் வெட்டி எடுத்துத் தனியாகச் சுற்றி வைப்போம். பெட்டி திரும்பிப் போகுமுன் அவற்றை அதே இடத்தில் ஒட்டிவிட வேண்டும், அவ்வளவுதான் ஒழுக்கம். விநியோகஸ்தருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது எங்களுக்கும் தெரியும்.

கொட்டகைக்கு மேனேஜர் காசிம். முதலாளியான மூத்த ராவுத்தரின் மருமகன். நான் பார்த்த மேலதிகாரிகளிலேயே மரியாதையானவர். கொட்டகைக்குள் நுழைந்த தெருநாயைக்கூட "வெளிய போங்க, போயிருங்க" என்றுதான் விரட்டுவார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் இன்னும் தாழும். மிகவும் கோபம் வந்தால் காதருகே வந்து நலம் விசாரிப்பார். "ஊட்ல எல்லாரும் சௌக்கியமுங்களா?" என்று அவர் கேட்டால் வேலைக்காரன் அன்றைக்கு என்ன தப்புச் செய்தோம் என்று யோசிக்கத் தொடங்குவான். ஒருபோதும் உத்தரவு போடமாட்டார். கேள்வி கேட்பார். அதற்கு "சரிங்க" என்பதைத் தவிர வேறு பதில் இருக்காது.

அவருக்கு ஒரு கோட்பாடும் இருந்தது. அது உண்டான விதம் எனக்குத் தெரியும். எனக்கு முன் தலைமை ஆபரேட்டராக இருந்த நாச்சிமுத்து அண்ணன், ஒரு தீபாவளியன்று பெரிய நடிகரின் படத்தில் இரண்டு ரீல்களை முன்பின்னாகப் போட்டுவிட்டார். நாயகனின் அம்மா செத்து, சிதைக்குத் தீ வைத்து, நாயகன் அழுது முடித்தான். அடுத்த ரீலில் அம்மா அவனுக்குத் தோசை பரிமாறினாள். கொட்டகை நிறைய ஆள். யாரும் எழுந்திருக்கவில்லை. அம்மா தோசையோடு வந்ததும் கைதட்டினார்கள். அன்று காட்சி முடிந்து வெளியே போன கூட்டத்தைக் காசிம் வாசலில் நின்று பார்த்திருக்கிறார். ஒருவர் முகத்திலும் குழப்பம் இல்லை. அன்றிலிருந்து, எதை எடுத்தாலும் எதை மாற்றினாலும் சனங்களுக்கு வேண்டியது கிடைத்தால் போதும் என்பதே அவர் முடிவு. அதை மறுக்க எனக்கும் சான்று கிடைக்கவில்லை.

அந்த வருஷம் மூத்த ராவுத்தர் கொட்டகையை மூடி ஆடிட்டோரியம் கட்டப்போவதாகச் சொல்லிவிட்டார். எங்கள் பக்கம் ஆடிட்டோரியம் என்றால் கல்யாண மண்டபம். ராவுத்தருக்குச் சினிமாவின் மேல் எந்தக் காலத்திலும் மதிப்புக் கிடையாது. யாரிடமிருந்தோ கைமாறி வந்த கட்டடம் அது. கடைத்தெருவில் இருந்த ஜவுளிக்கடைதான் அவருக்கு உயிர். அந்தக் கடையில் மச்சினன்மாருக்குக் கீழே துணி மடித்துக்கொண்டிருந்த காசிம், கொட்டகையைத் தானே நடத்திக் காட்டுவதாகக் கேட்டு வாங்கி வந்தவர். கொட்டகை போனால் அவர் மறுபடி அதே மச்சினன்மார் முன்னால் துணி மடிக்கப் போகவேண்டும். எங்களுக்கு வேலை போகும். அவருக்குத் தலை நிமிர்ந்து நிற்க இருந்த ஒரே இடம் போகும்.

"இந்த நோன்புப் பெருநாளைக்கு ஒரே ஒரு படம் போட உடுங்க மாமு. சனங்க திரும்பத் திரும்ப வந்தா கொட்டகை நிக்கட்டும். இல்லேன்னா நானே பூட்டிச் சாவிய உங்க கையில தர்றேன்" என்று மாமனாரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அதோடு, தமிழில் குரல் மாற்றிய டைனோசர் படம் ஒன்றைக் கொண்டுவந்தார். நட்சத்திரப் படம் கொண்டுவந்தால் கூட்டம் நடிகருக்கு வந்தது என்பார்கள். யாருக்கும் தெரியாத முகங்கள் நடித்த இந்தப் படம் ஓடினால் கொட்டகையை நடத்தியவருக்குப் பெயர். அவர் கணக்கு அது. தவறான கணக்கு அல்ல.

பெருநாளுக்கு முதல் நாள் காலை சோதனை ஓட்டம். நானும், உதவி ஆபரேட்டர் வேலுவும், பெண்கள் வாசலில் டிக்கெட் கிழிக்கும் பாப்பாத்தியக்காவும், காசிமும் பார்த்தோம்.

படத்தை இங்கே விவரிக்கவேண்டியது அவசியம். ஓர் ஆற்றின் வழியே ஒரு சிறு கூட்டம் காட்டுக்குள் போகிறது. வெகுநேரத்துக்கு மிருகமே கிடையாது. மழைநீர் தேங்கிய ஒரு குட்டையில் சமையல்காரன் பாத்திரம் கழுவுகிறான். பிறகு மேட்டிலிருந்து பார்க்கும்போதுதான் அந்தக் குட்டை ஒரு பாதச்சுவடு என்று நமக்குத் தெரிகிறது. அவனுக்குத் தெரிவதில்லை. காட்டின் இரைச்சல் படம் முழுக்க ஓயாமல் இருக்கிறது, பூச்சியும் தவளையும் பறவையுமாக. ஓரிடத்தில் அது சட்டென்று நிற்கிறது. மறுபடி இரைச்சல் வரும்போது கட்டியிருந்த ஆடு இல்லை. கயிறு மட்டும் கிடக்கிறது. இன்னோரிடத்தில் மறுபடி நிற்கிறது. இரைச்சல் திரும்பும்போது ஒரு மனிதன் இல்லை. மூன்றாம் முறை நிற்கும்போதுதான் மரங்களுக்கு மேலே தலை தெரிகிறது.

விளக்கு போட்டதும் பாப்பாத்தியக்கா தன் வெற்றிலைப் பையைத் தேடினார். அது பக்கத்து வரிசையில் கிடந்தது. எப்போது எறிந்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

காசிம் மேலே அறைக்கு வந்தார்.

"அருமையான படமுங்க. ஊட்ல எல்லாரும் சௌக்கியமுங்களா?"

ரீல் சுற்றுவதை நிறுத்தினேன்.

"ஏனுங்க, மிருகம் எப்பங்க வருது?"

"முக்கால் மணி நேரம் ஆகுமுங்க."

"அதுவரைக்கும் என்னத்தைங்க காட்டுறோம்? குட்டையையும் ஆட்டையுமா? நாளைக்கு அஞ்சு காட்சின்னு போஸ்டர் ஒட்டியாச்சுங்க. முழுசாப் போட்டா நாலுதானுங்க ஓடும்."

"வெட்டுனா கதை புரியாதுங்க."

"தோசை சுட்ட அம்மா கதை புரிஞ்சுதுங்களா?"

நான் படித்த பௌதிகம் தோசைவரை போகவில்லை.

"சனங்க மிருகத்தப் பாக்க வர்றாங்க. வந்ததும் காட்டிப்போடலாமுங்களா?" என்று கேட்டார்.

"சரிங்க" என்றேன்.

படகு கிளம்பும் காட்சிவரை வைத்துக்கொண்டு, மிருகம் வரப்போகும் காட்சியின் தொடக்கத்தோடு ஒட்டினேன். இடையில் இருந்ததை முறைப்படி சுற்றி, தலையிலும் வாலிலும் குறியிட்டுத் தகரத்தில் வைத்தேன். ஒட்டு அருமையாக அமைந்தது. படகுக்காரன் துடுப்பை எடுக்கிறான், அடுத்த கணம் அடர்ந்த காடு. யாரும் குறை சொல்லமுடியாத வேலை.

பெருநாள் அன்று காலைக் காட்சிக்கே கொட்டகை கொள்ளவில்லை. புதுச்சட்டை வாசனையும் அத்தர் வாசனையும் அறைவரை ஏறி வந்தன. படகு போயிற்று. காடு வந்தது. காட்டின் இரைச்சல் கேட்டது. பிறகு அது நின்றது.

அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. முன்வரிசையில் ஒருவன் கத்தினான்: "ஆப்பரேட்டரே, சவுண்டு!"

உடனே நாலாபக்கமும் பிடித்துக்கொண்டார்கள். "சவுண்டு போடுங்கய்யா!" "சவுண்டெவிடெ?" "ஆப்பரேட்டர் பெருநாள் பிரியாணி தின்னுட்டுத் தூங்கிட்டானாட்ட இருக்குது!" சீட்டி பறந்தது. பெஞ்சுகளைத் தட்டினார்கள். எங்கள் கொட்டகையில் ஒலி அடிக்கடி போகும். ஒலிப்பட்டையைப் படிக்கும் விளக்கு மங்கும், ஒயர் விடும், கறண்ட் ஏறி இறங்கும். அதற்காகக் கூச்சல் போடுவது அவர்கள் வழக்கம். கூச்சல் போட்டால்தான் நாங்கள் எழுந்திருப்போம் என்பது அவர்கள் அனுபவம். அந்தக் கூச்சலுக்கு நடுவில் மரங்களுக்கு மேலே டைனோசர் தலையை நீட்டியது. "ஏ, பல்லி வந்துருச்சு!" என்றான் ஒருவன். கொட்டகையே சிரித்தது. அதற்குப் பிறகு அது எதைக் கடித்தாலும், எதை மிதித்தாலும் சிரித்தார்கள். ஒரு முறை பார்த்துச் சிரித்துவிட்ட மிருகத்தை மறுபடி பயங்கரமாக்க முடியாது.

இரண்டாம் காட்சியிலும் மேட்னியிலும் அதேதான். மேட்னி இடைவேளையில் பாப்பாத்தியக்கா படியேறி வந்தார்.

"ஏனுங்க ஆப்பரேட்டரே, வெளிய போறவங்க எல்லாம் வர்றவங்ககிட்ட 'போங்க போங்க, பல்லி முட்டை போடுற சீன் வருது'ன்னு சொல்லிட்டுப் போறாங்க. சிரிக்கத்தான் வர்றாங்க, மறுக்கா வரமாட்டாங்க. பள்ளிவாசல்ல பெரியவர்கிட்டயே கேட்டுப்போட்டாங்களாம், 'உங்க மருமகன் பல்லி காட்டுறாராமே'ன்னு."

அவருக்குப் பின்னாலேயே காசிம் வந்தார். மரியாதை எல்லாம் அப்படியே இருந்தது. முகத்தில்தான் ரத்தம் இல்லை.

"மாமு சாயங்காலம் ஃபர்ஸ்ட் ஷோவுக்கு வர்றாருங்க. கூட மேஸ்திரியும் வர்றாரு, கட்டடத்த அளந்து பாக்கோணுமாம். அவரு வர்றதுக்குள்ள சவுண்ட ஏனுங்க சரி பண்ணக்கூடாது?"

"சவுண்டுல ஒரு கோளாறும் இல்லைங்க. படத்திலயே அங்க சத்தம் கிடையாது."

"நேத்து நாம பாக்கறப்பவும் கிடையாதுங்களா?"

"கிடையாதுங்க."

"அப்ப நாம ஏனுங்க கத்தலை?"

காசிமை எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் அந்தக் கேள்விதான். அதற்குப் பதிலைத் தேடி நான் எங்கும் போகவேண்டியிருக்கவில்லை. பதில் மேசைமேல் தகரத்துக்குள் சுற்றி இருந்தது.

நேற்று அந்த நிசப்தம் வந்தபோது எங்களுக்கு ஆடு போனது தெரியும், மனிதன் போனது தெரியும். சத்தம் நின்றால் அது பக்கத்தில் வந்துவிட்டது என்று படமே எங்களைப் பழக்கியிருந்தது. இந்தக் கூட்டத்தைப் படம் பழக்கவில்லை. அவர்களைப் பழக்கியது நாங்கள்தான், எங்கள் பழுதான ஒயர்களால். அறுவடை மாதங்களில் பரண்மேல் உட்கார்ந்து யானைக்குக் காவல் இருக்கும் ஆட்கள் அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர். இருட்டில் தெரியாமல் நிற்பதுதான் பயம் என்பது என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்களையே ஒரு டைனோசரைப் பார்த்துப் பல்லி என்று சிரிக்க வைத்திருந்தோம். ஓர் ஒட்டில் இவ்வளவு செய்யலாம் என்று எந்தத் தேர்வாளரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

இதைத்தான் நான் காசிமிடம் சொன்னேன். மலருக்குக் கேட்ட இளைஞர்களுக்கும் இதுதான் பதில். மிருகத்தை அன்றைக்கு இருந்த திறமைக்குத் தகுந்தபடி செய்திருந்தார்கள். இன்று இதைவிட நன்றாகச் செய்கிறார்கள். ஆனால் அது வராத முக்கால் மணி நேரத்தில் அதைச் செய்வது பார்ப்பவன். அவரவர் பயத்தின் அளவுக்கு அவரவர் செய்துகொள்கிறார்கள். அப்படிச் செய்தது பழசாவதில்லை. அது பிலிமிலும் இல்லை, கணினியிலும் இல்லை.

காசிம் தகரத்தை எடுத்துக் கையில் எடை பார்த்தார்.

"ஒட்டுனா அஞ்சாவது காட்சி போயிருமுங்க."

"போயிருமுங்க."

"டிக்கெட் வாங்கப் போறவங்க கொட்டகைய உடைப்பாங்க."

"உடைப்பாங்க."

"அஞ்சு காட்சின்னு மாமுகிட்டயும் சொல்லியிருக்கனுங்க. நடுவால மாத்துனா, தோத்துப்போயி மாத்துனான்னுதானுங்க சொல்லுவாரு."

அது என் துறை அல்ல. அவர் வாசற்படிவரை போய்த் திரும்பினார். நான் அறிந்தவரை முதல்முறையாகக் கேள்வி கேட்காமல் பேசினார்:

"ஒட்டிருங்க."

மேட்னி முடிந்து அடுத்த காட்சி தொடங்கும்வரை கிடைக்கும் இடைவெளி மிகக் குறைவு. வேலு கார்பன் குச்சிகளை மாற்றிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் நேற்றைய ஒட்டை அறுத்தேன். படகுக்காரன் ஒரு பக்கம், காடு ஒரு பக்கம். தகரத்தில் இருந்ததை எடுத்துத் தலையைப் பார்த்து, வாலைப் பார்த்து, சுரண்டி, பசை தடவி, அழுத்தினேன். அவசரத்தில் செய்யும் ஒட்டு அறுவது எங்கே என்று எல்லா ஆபரேட்டருக்கும் தெரியும்: முதலாளி பார்க்கும்போது. ஆகவே அழுத்திய கையை எடுக்காமல் வைத்திருந்தேன். கீழே கதவுகளைத் திறந்துவிட்டார்கள். கூட்டம் உள்ளே வரும் சத்தம் கேட்டது. அதில் மேட்னி பார்த்தவர்கள் யாரோ "பல்லி, பல்லி" என்று ராகம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசி முக்கோணத்துக்கு மை காயுமுன்பே மணி அடித்துவிட்டது.

மூத்த ராவுத்தர் பால்கனியின் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். என் அறைக் கதவுக்கு நேர் கீழே. பக்கத்தில் மேஸ்திரி, மடியில் சுருட்டிய அளவு நாடாவோடு. மலையாளி, சுவர்களையும் உத்தரத்தையுமே பார்த்துக்கொண்டிருந்தார். காசிம் உட்காரவில்லை. மாமனாருக்குப் பின்னால் சுவரோரம் நின்றார்.

இரண்டாவது ரீலை மாற்றியதும் இயந்திரத்தை வேலுவிடம் விட்டேன். அவனும் லைசென்ஸ் உள்ளவன், விதியில் இடம் உண்டு. கதவைத் திறந்து படியில் நின்றேன்.

முதல் முறை சத்தம் நின்றபோது, நான் எதிர்பார்த்தது போலவே, கீழிருந்து கூச்சல் கிளம்பியது. "ஆப்பரேட்டரே, சவுண்டு!" இரண்டு மூன்று சீட்டி. ராவுத்தர் திரும்பி மருமகனைப் பார்த்தார். காசிம் தரையைப் பார்த்தார். பிறகு காட்டின் இரைச்சல் தானாகத் திரும்பியது. திரையில் ஆட்டுக் கயிறு மட்டும் கிடந்தது. கூச்சல் போட்டவர்கள் பாதியில் நிறுத்தினார்கள். யாரோ, "அட, ஆடு எங்கடா?" என்றான்.

இரண்டாம் முறை நின்றபோது ஒரே ஒரு குரல்தான், "சவுண்டு" என்று தொடங்கியது. "வாய மூட்றா" என்று பக்கத்தில் இருந்தவன் அதட்டியது பால்கனிவரை கேட்டது. இரைச்சல் திரும்பியது. கூடாரம் காலியாக இருந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து "அல்லாவே" என்று ஒரு மெல்லிய குரல்.

அடுத்து ஆற்றங்கரை வந்தது. சமையல்காரன் விறகு பொறுக்குகிறான். தவளைச் சத்தம், பூச்சிச் சத்தம். கைக்குழந்தை ஒன்று சிணுங்கியது. அதன் அம்மா அதை மார்போடு அணைத்து அமர்த்தினாள். பிறகு மூன்றாம் முறை சத்தம் நின்றது.

கொட்டகையில் மின்விசிறிகள் சுற்றும் ஓசை கேட்டது. அத்தனை வருஷத்தில் காட்சி நடக்கும்போது அந்த ஓசையை நான் கேட்டதே இல்லை. இருமல்கூட இல்லை. திரையில் எதுவும் இல்லை, இலைகள் மட்டும்.

ராவுத்தர் முன்னால் சாய்ந்தார். கைத்தடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். பின்னால் திரும்பாமலே, அடித்தொண்டையில் கேட்டார்:

"காசிமு... எங்கடா நிக்குது அது?"

காசிம் வாயைத் திறக்குமுன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் மேஸ்திரி ராவுத்தரின் முழங்கையைப் பற்றினார்.

"மிண்டாதெ இரிக்கு, ராவுத்தரே."

அந்தக் கட்டடத்தில் முதலாளியிடம் 'பேசாதே' என்று யாரும் சொன்னதில்லை. அவர் பேசாமல் இருந்தார். இலைகளுக்கு மேலே தலை எழுந்தபோது கீழே வந்த அலறலில் என் கதவு அதிர்ந்தது. பல்லி என்று யாரும் சொல்லவில்லை.

ஐந்தாவது காட்சி ரத்தானது. டிக்கெட்டுக்குக் காத்திருந்தவர்கள் வாசல் கம்பியைப் பிடித்து உலுக்கினார்கள். காசிம் தனியாகப் போய் அவர்கள் முன்னால் நின்று, "நாளைக்கு வாங்க, முழுசாக் காட்டுறோம்" என்று கைகூப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். சட்டைப் பை கிழிந்திருந்தது. அந்தக் கூட்டத்தைக் கடந்து ராவுத்தர் வெளியே வந்தார். மேஸ்திரி அளவு நாடாவை விரிக்கவேயில்லை. சுருட்டியபடியே கையில் இருந்தது. ராவுத்தர் மருமகனுக்கு முன்னால் நின்று, கிழிந்த பையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார்.

"நாளைக்கு எத்தனை காட்சிடா?"

"நாலுதான் மாமு."

"நம்ம ஊட்டுப் பொம்பளைங்களக் கூட்டிட்டு வர்றேன். உன்ற மச்சினன்மாரும் வருவாங்க." கைத்தடியை ஊன்றி இரண்டடி நடந்தவர் திரும்பினார். "மொதல்ல இருந்துதானே காட்டுவே? ஆடு காணாமப் போறதுல இருந்து?"

"அதுக்கும் முன்னால இருந்து, மாமு" என்றார் காசிம்.